லைசென்ஸ் கையில், தரகர் வாசலில்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிளஸ் டூ மாணவர்களுக்காக நீங்கள் சென்ற வாரம் வெளியிட்ட உயர்கல்வி இணைப்பிதழில், விமானி ஆவது பற்றி ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும், டிஜிசிஏ என்கிற விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் தேர்வுகளில் 70 சதவீதம் எடுக்க வேண்டும், முதல் வகுப்பு மருத்துவச் சான்று வேண்டும் என்று எல்லாம் சரியாகவே இருந்தது. ஆனால் லைசென்ஸ் கைக்கு வந்ததோடு கட்டுரை முடிந்துவிட்டது. அதே பக்கத்தின் அடியில், பைலட் வேலை உறுதி, கட்டணம் நேரில் பேசலாம் என்று ஒரு வரி விளம்பரம். மேலே இருக்கிற கட்டுரைக்கும் கீழே இருக்கிற விளம்பரத்துக்கும் நடுவில் எங்கள் குடும்பம் ஒரு வருஷத்துக்கு மேல் மாட்டிக்கொண்டு கிடந்தது. அந்த வயிற்றெரிச்சலில்தான் எழுதுகிறேன்.

நான் நீடாமங்கலம் பக்கம் உரக்கடை வைத்திருக்கிறேன். இப்போது சம்பா அறுவடை. சனம் முழுக்க வயலிலும் கொள்முதல் நிலைய வாசலிலும் கிடக்கிறது. உளுந்துக்கு டிஏபி தெளிக்கிறவர்கள் நாலு பேர் வந்தால் உண்டு, மற்றபடி கடையில் ஈ ஓட்டுகிறேன். அதனால் கடிதம் கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் இளைய மகள் மன்னார்குடியில் பிளஸ் டூ முடித்து, மகாராஷ்டிரத்தில் ஒரு பயிற்சிப் பள்ளியில் பறக்கக் கற்றவள். இப்போது ஹைதராபாத்தில் ஏடிஆர் என்கிற, புரொபெல்லர் வைத்த சின்ன விமானத்தில் துணை விமானியாகப் பயிற்சியில் இருக்கிறாள். கல்விக் கடனுக்கு ஆறு மா நஞ்சையை ஈடு கொடுத்தேன். எல்லாம் சேர்த்து அறுபது லட்சத்தைத் தாண்டியது. லைசென்ஸ் வந்ததும் ஆலங்குடி குரு பகவானுக்கு அர்ச்சனை பண்ணிவிட்டு வந்தோம். சொந்தக்காரர்கள் அப்போதே சம்பளம் எவ்வளவு என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

லைசென்ஸ் வேறு, வேலை வேறு. இதை டெல்டாவில் பிள்ளையைப் பறக்க அனுப்பும் பெற்றோருக்கு யாரும் சொல்வதில்லை. 2025 டிசம்பரில் நாடு முழுக்க ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தானபோது, விமானிகளுக்குத் தட்டுப்பாடு என்று டிவியில் ராப்பகலாக ஓடியது. அதைப் பார்த்துவிட்டு என் கடைக்கு வருகிறவர்கள்கூட, “என் பையனையும் சேத்துவிடலாம்ணே, இப்ப ஆளே கிடைக்கலியாமே” என்றார்கள். அந்தத் தட்டுப்பாடு கேப்டன்களுக்கு. கேப்டனாக ஏடிபிஎல் என்கிற லைசென்ஸ் வேண்டும், அதற்கு 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வெறும் 200 மணி நேரத்தோடு நிற்கிற பிள்ளைகளின் வரிசை தனி. அந்த வரிசை ரொம்ப நீளம்.

அதில் சும்மாவும் நிற்க முடியாது. ஐஆர் என்கிற, கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் தகுதியை வருஷா வருஷம் சொந்தக் காசில் பறந்து காட்டிப் புதுப்பிக்க வேண்டும். 40 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு மருத்துவச் சான்றும் வருஷத்துக்கு ஒருமுறை. ஆக, வேலை கிடைக்காத ஒவ்வொரு வருஷமும் செலவு வைக்கும். வட்டி ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். இப்படி ஓடிக்கொண்டிருக்கும்போது நடுவில் ஏதாவது ஒரு கம்பெனி மூடிவிட்டால் தீர்ந்தது. 2012-இல் கிங்ஃபிஷர் நின்றது, 2019 ஏப்ரலில் ஜெட் ஏர்வேஸ், 2023 மே மாதத்தில் கோ ஃபர்ஸ்ட். ஒவ்வொரு முறையும் ஆயிரக்கணக்கான மணி நேர அனுபவம் உள்ளவர்களே வேலை தேடி வந்து நின்றார்கள். புதுப் பிள்ளைகளுக்கு எங்கே இடம்?

இந்த நேரம் பார்த்துத்தான் தரகர் வருவார். எங்களுக்கும் வந்தார். வாட்ஸ்அப்பில், சென்னை நம்பரில், ரொம்ப மரியாதையாக. என் மகளின் லைசென்ஸ் நம்பரே அவர் கையில் இருந்தது, யார் கொடுத்தார்களோ. கன்சல்டன்சி சார்ஜ் ஐந்து லட்சமாம். பாதி இப்போது, மீதி ஆஃபர் லெட்டர் வந்த பிறகு. “பாதிக்கு ரசீது தருவீங்களா?” என்று கேட்டேன். “என்ன சார், எல்லாம் நம்பிக்கைதானே” என்றார். 266 ரூபாய் 50 காசு யூரியா மூட்டைக்கே விரல் ரேகை வாங்கி, மிஷினில் ரசீது கிழித்துக் கொடுக்கிறவன் நான். இரண்டரை லட்சத்தை நம்பிக்கையில் கொடுக்கச் சொல்கிறார்! சரி, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அவர் விடவில்லை. ஏர்பஸ் 320-க்கு டைப் ரேட்டிங் முடித்துவிட்டால் இடம் உறுதி, அதற்கு நானே ஏற்பாடு பண்ணுகிறேன் என்று மறுபடி வந்தார். டைப் ரேட்டிங் என்பது ஒவ்வொரு ரக விமானத்துக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டிய தகுதி. அதற்கும் பல லட்சம் ஆகும்.

வீட்டில் நகை பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது, மகளுடன் படித்த பெண் ஒரு சீனியரின் நம்பரைக் கொடுத்தாள். திருத்துறைப்பூண்டி பக்கத்துக்காரர், பெரிய விமானத்தில் கேப்டன். அவரை இன்றுவரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை. முதல் போனிலேயே, தரகருக்குக் காசு கொடுத்துவிட்டீர்களா என்று கேட்டார். இல்லை என்றதும், “நல்லது. வேலைக்கு ஆள் எடுக்கிறப்ப கம்பெனியே வெளிப்படையா அறிவிக்கும்ணே. ஆஃபர் கையில இல்லாம டைப் ரேட்டிங்குக்கும் காசு கட்டாதீங்க. போயிங் எடுத்து வச்சிருப்பீங்க, ஏர்பஸ்காரன்தான் ஆள் எடுப்பான்” என்றார். ஜெட் ஏர்வேஸ் நின்றபோது போயிங் 737 மட்டுமே ஓட்டத் தெரிந்த நண்பர்கள் பட்ட பாட்டை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர்.

அப்புறம் மகளின் லாக் புக்கை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னார். லாக் புக் என்றால் விமானியின் கணக்கு நோட்டு. எந்தத் தேதியில், எந்த விமானத்தில், எங்கிருந்து எங்கே, பகலா இரவா, பயிற்றுநரோடு பறந்ததா தனியாகவா, ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம். பக்கத்தின் அடியில் கூட்டுத் தொகை. அதை அடுத்த பக்கத்தின் தலைக்குத் தூக்கி எழுத வேண்டும். இரண்டு நாள் கழித்து கேப்டன் கூப்பிட்டார். விண்ணப்பத்தில் போட்டிருக்கிற இரவு மணி நேரமும் நோட்டில் இருப்பதும் ஒத்துப்போகவில்லை, எங்கேயோ தூக்கி எழுதும்போது நழுவியிருக்கிறது என்றார். கணக்கு இடித்தால் விண்ணப்பத்தை அங்கேயே ஓரம் வைத்துவிடுவார்களாம். ஏன் வைத்தார்கள் என்று யாரும் கடிதம் போட்டுச் சொல்வதில்லை.

அன்று ராத்திரி கடையை அடைத்துவிட்டுக் கல்லா மேசையில் நானும் மகளும் உட்கார்ந்தோம். அவள் படிக்கப் படிக்க நான் தாளில் எழுதிக் கூட்டினேன். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. 1 மணி 25 நிமிடமும் 1 மணி 40 நிமிடமும் சேர்ந்தால் 3 மணி 5 நிமிடம். கால்குலேட்டரில் 1.25, 1.40 என்று தட்டினால் 2.65 என்று காட்டும். 65 நிமிடம் ஒரு மணியைத் தாண்டிவிட்டது என்பது அந்த மிஷினுக்கு எப்படித் தெரியும்? பயிற்சிக் காலத்தில் அவசரத்தில் அவள் அப்படித்தான் ஒரு பக்கத்தைக் கூட்டியிருந்தாள். இரவுப் பறப்பு கட்டத்தில் ஆரம்பித்த பிசகு அடுத்தடுத்த பக்கங்களின் தலையில் ஏறி, கடைசிவரை வந்திருந்தது. கண்டுபிடித்தபோது வெண்ணாற்றங்கரை பக்கம் முதல் பஸ் போகிற சத்தம் கேட்டது. வெள்ளை மை வைத்து அழிக்கக் கூடாது, ஒற்றைக் கோடு போட்டு அடித்து, பக்கத்தில் சரியான எண்ணை எழுதி, பள்ளியின் தலைமைப் பயிற்றுநரிடம் கையெழுத்து வாங்கு என்று கேப்டன் சொல்லியிருந்தார். மறுநாளே ரயில் ஏறிப் போய் வாங்கி வந்தாள்.

ஐந்து லட்சம் கொடுத்திருந்தால் அந்தத் தரகர் இந்த நோட்டைத் திறந்து பார்த்திருப்பாரா?

அந்த ஒருவரோடு நிற்கவில்லை. கொச்சியிலிருந்து ஒரு பெண் துணை விமானி, எந்தக் கம்பெனியில் எப்போது விண்ணப்பம் திறக்கிறது என்று தகவல் அனுப்பிக்கொண்டே இருந்தார். சில நேரம் ஒரு வாரம்கூடத் திறந்திருக்காது. அதற்குள் எல்லாச் சான்றிதழும் காலாவதி ஆகாமல் கையில் இருக்க வேண்டும். டெல்லியிலிருந்து இன்னொருவர் ஞாயிற்றுக்கிழமை ராத்திரிகளில் வீடியோவில் பேட்டி ஒத்திகை நடத்தினார். அவர் தமிழரும் இல்லை, மகளுக்கு முன்பின் தெரிந்தவரும் இல்லை. திருச்சி விமான நிலையத்தின் வானிலைக் குறிப்பை எடுத்துப் போட்டு, இதைப் படி, இப்போது எந்தப் பக்கமிருந்து இறங்குவாய், ஏன் என்று குடைவார். 24015 என்று இருந்தால் 240 டிகிரி திசையிலிருந்து 15 நாட் வேகத்தில் காற்று என்று அர்த்தமாம். தென்மேற்கு. அட, நம் ஆடிக் காற்று என்று நான் பின்னாலிருந்து சொன்னேன். மகள் முறைத்தாள்.

முதல் கம்பெனியில் தேறவில்லை. எந்தச் சுற்றில் தடுக்கியது என்று இந்த விமானிகள் அவளைக் கூப்பிட்டு விசாரித்து, அடுத்த முறைக்கு அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டு இடித்தார்கள். இரண்டாவது கம்பெனியில் எழுத்துத் தேர்வு, மனோதத்துவச் சோதனை, சிமுலேட்டர் என்கிற மாதிரி விமானத்தில் ஓட்டிக் காட்டுவது, நேர்காணல் எல்லாம் தாண்டினாள்.

இடையில் நான் கேப்டனிடம், உங்கள் கம்பெனியில் ஒரு வார்த்தை சிபாரிசு பண்ணக் கூடாதா என்று கேட்டேன். நம்மூர்ப் பழக்கம், வாயில் வந்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. “உங்க பொண்ணோட நான் பறந்ததில்லண்ணே. பறக்காத ஆளுக்கு எப்படி நான் நல்லா பறப்பாங்கன்னு சொல்றது?” என்றார். இதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இவர்கள் செய்வது சிபாரிசு இல்லை. எங்கே இடம் இருக்கிறது, என்ன கேட்பார்கள், உன்னிடம் எங்கே ஓட்டை என்று சொல்வார்கள். அதற்கு மேல் அவரவர் சாமர்த்தியம்.

வேலை கிடைத்ததும் ஒரு மூட்டை சீரகச் சம்பா அரிசி அனுப்புகிறேன், விலாசம் சொல்லுங்கள் என்றேன். “எனக்கு விவரம் சொன்னவங்க யாருக்கும் நான் அரிசி அனுப்பலண்ணே” என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டார். விலாசம் இன்னும் வரவில்லை.

காசில்லாமல் இதை ஏன் செய்கிறார்கள் என்று என் தம்பிக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. டெல்டாவில் நிலம் வாங்கத் தரகு, பெண் பார்க்கத் தரகு, சிங்கப்பூர் போகத் தரகு. சொந்த நெல்லை அரசுக்குப் போடுவதற்கே மூட்டைக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்துப் பழகிவிட்டோம். இலவசமாக ஒருவன் உதவி செய்தால் எங்கே உள்குத்து என்று தேடத்தான் நமக்குத் தோன்றும்.

என் மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை வைத்துச் சொல்கிறேன். விமானத்தில் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் பட்டியலைப் படிப்பார், மற்றவர் பார்த்துப் பதில் சொல்வார். ஒருவர் செய்வதை மற்றவர் சரிபார்ப்பார். கேப்டன் தவறு செய்தால் துணை விமானி வாய் திறந்து சொல்லியாக வேண்டும். பக்கத்து ஆளின் பிசகைச் சொல்வது அங்கே சண்டை இல்லை, அதுதான் வேலை. 2024 அக்டோபரில் சார்ஜா புறப்பட்ட விமானம் ஹைட்ராலிக் கோளாறால் திருச்சி வானத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வட்டமடித்துவிட்டு, 141 பேரோடு பத்திரமாக இறங்கியதை நாம் எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்து பார்த்தோம். அப்படிப்பட்ட நேரத்துக்காகவே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளப் பழக்கப்பட்டவர்கள், தரைக்கு வந்த பிறகும் அதை விடுவதில்லை போலிருக்கிறது. அது போக, எந்தக் கம்பெனி எப்போது நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இன்று தகவல் சொல்கிற கேப்டன் நாளைக்கு அதே தகவலுக்காக யாருக்காவது போன் போட வேண்டி வரலாம். அந்தப் பயமும் இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன், தப்பில்லை.

எல்லா விமானிகளும் தர்மவான்கள் என்று நான் சொல்லவில்லை. தேர்வுக்கு வகுப்பு எடுத்துக் காசு வாங்குகிறவர்கள் உண்டு. அது பாடம் நடத்துகிற உழைப்புக்குக் கூலி, கொடுக்கலாம். வேலை வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பதுதான் வேறு ரகம். அந்த ரகம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கும் சாட்சி இருக்கிறது. 2011-இல் போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து லைசென்ஸ் வாங்கியதாக விமானிகள் சிலர் டெல்லியில் கைதானார்கள், கூடவே தரகர்களும் பிடிபட்டார்கள். தரகருக்கு ஒரு கேஸோடு போய்விடும், அந்தப் பிள்ளை மறுபடி எங்கே போய்ப் பறக்கும்?

சட்டம் என்ன சொல்கிறது என்று தேடிப் பார்த்தேன். நாகப்பட்டினம், காரைக்கால் பக்கம் கப்பல் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நிறைய. அவர்களுக்கு 2006-ஆம் ஆண்டின் கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை இருக்கிறது, இந்தியா 2015-இல் அதை ஏற்றுக்கொண்டது. அதன்படி ஏஜென்ட் வேலை கொடுப்பதற்காக மாலுமியிடம் காசு வாங்கக் கூடாது, கப்பல் கம்பெனியிடம்தான் வாங்கிக்கொள்ள வேண்டும். வாங்குகிறவர்கள் வாங்கத்தான் செய்கிறார்கள், ஆனாலும் புகார் கொடுக்கப் பிடித்துக்கொள்ள ஒரு விதி இருக்கிறது. விமானிகளுக்கென்று அப்படித் தனி உடன்படிக்கை கிடையாது. வேலை தேடுகிற எந்தத் தொழிலாளியிடமும் தனியார் வேலைவாய்ப்பு நிறுவனம் கட்டணம் வாங்கக் கூடாது என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-இல் 181-ஆம் எண் உடன்படிக்கையில் சொல்லியிருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. வெளிநாட்டு வேலை என்றால் 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் உண்டு. மத்திய அரசிடம் பதிவு செய்த ஏஜென்ட் மட்டும்தான் ஆள் அனுப்பலாம், அவரும் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தாண்டி வாங்கக் கூடாது. கல்ஃபில் பைலட் வேலை, எட்டு லட்சம் என்று யாராவது வந்தால் முதலில் பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தக் கேள்வியிலேயே பாதிப் பேர் காணாமல் போய்விடுவார்கள்.

என் கோரிக்கை பெரிதில்லை. அந்த மாதிரி வரி விளம்பரம் இனி வந்தால், விளம்பரம் கொடுப்பவரின் பதிவு எண்ணைக் கேட்டு வாங்கி அதையும் சேர்த்து அச்சிடுங்கள். எண் இல்லையென்றால் போடாதீர்கள். ஒரு விளம்பரத்தில் உங்களுக்கு எத்தனை ரூபாய் வந்துவிடப் போகிறது? அடுத்த இணைப்பிதழில், லைசென்ஸுக்குப் பிறகு என்ன நடக்கிறது என்று இன்னொரு பக்கம் போடுங்கள். அதை எழுத டெல்டாவிலேயே விமானிகள் இருக்கிறார்கள். கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒரு கல்லூரி மண்டபத்தில், அவர்கள் ஊருக்கு வருகிற நேரமாகப் பார்த்து ஒரு சாயங்காலம் ஏற்பாடு செய்தால் வந்து பேசவும் தயாராக இருக்கிறார்கள். திருத்துறைப்பூண்டிக்காரர் எனக்கு வாக்கே கொடுத்திருக்கிறார். பந்தலும் காபியும் என் பொறுப்பு.

பெற்றோர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம்பர் கிடைத்தது என்பதற்காக அவர்களைப் பகல் பதினோரு மணிக்குக் கூப்பிட்டு எழுப்பாதீர்கள், ராத்திரி பூராவும் பறந்துவிட்டு வந்து அப்போதுதான் படுத்திருப்பார்கள். பிள்ளையை விட்டுச் செய்தி அனுப்பச் சொல்லுங்கள். லாக் புக் போட்டோ, மருத்துவச் சான்று, ஐஆர் முடியும் தேதி, ரேடியோ லைசென்ஸ் எல்லாவற்றையும் முதலிலேயே ஒன்றாக அனுப்பிவிட்டால் அவர்களுக்கும் வேலை சுளுவு. என் மகளுக்கே இப்போது அப்படிச் செய்திகள் வர ஆரம்பித்துவிட்டன. போன வாரம் பட்டுக்கோட்டைப் பையன் ஒருவன் ராத்திரி மணி நேரத்தை மட்டும் விட்டுவிட்டு எல்லாம் அனுப்பியிருக்கிறான், அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்.

மகள் இன்னும் பயிற்சியில் இருப்பதால் எங்கள் பெயரை வெளியிட வேண்டாம். அந்த ஏஜென்ட் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். உங்கள் பக்கத்தில் வந்த விளம்பரத்திலும் அதே நம்பர்தானா என்று ஒருமுறை ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உரக்கடைக்காரர்,
நீடாமங்கலம், திருவாரூர் மாவட்டம்.